இருபது ரூபாய்க்கு இலங்கை

அரிச்சல்முனையில் சாலை முடியும் வளைவில்
முக்காலியில் நிற்கிறது என் குழாய்.
ஒரு பார்வைக்கு இருபது ரூபாய்.
சேலத்துக்காரர், செகந்திராபாத்துக்காரர்,
எல்லாருக்கும் ஒரே கேள்வி: இலங்கை தெரியுமா?

தெரிகிற நாளில் தெரியும்.
தெரியாத நாளில் அடிவானத்து மேகத்தை
மன்னார் என்று காட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை.
அவர்கள் போன்தான் பொய் சொல்லாது.
அக்கரை டவரைப் பிடித்து
நல்வரவு என்று மெசேஜ் காட்டும்.

ராமநாதபுரம் காலேஜில் மூன்று வருஷம் பிசிக்ஸ்.
கைக்கு மிஞ்சியது இந்த ஒரு கணக்கு:
தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்.
அங்கே புறப்பட்ட வெளிச்சம் கண்ணுக்கு வரப்
பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி.
அதனால், சார், நீங்கள் பார்ப்பது
இந்த நிமிஷத்து இலங்கை இல்லை, கொஞ்சம் பழசு.
சிலர் சிரிப்பார்கள்.
பழசுக்கு எதற்கு முழு விலை என்றார் ஒருவர்.
ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போலீஸ் விசில்.
வேன்கள் திரும்பும் வழியில்
இடிந்த சர்ச்சின் பவளக்கல் சுவரில்
சூரியன் சரியும்,
எட்டு நிமிஷத்துக்கு முந்திய சூரியன்.

ராத்திரி, ஓலைக்குடா மணலில்,
காசு வாங்காமல் நான் பார்ப்பேன்.
மார்கழியில் ரோகிணி உச்சிக்கு ஏறும்,
சுட்ட நண்டின் நிறத்தில்.
வெளிச்சத்துக்கே அறுபத்தைந்து வருஷ வழி.
அங்கே யாரிடமாவது ஒரு குழாய் இருந்தால்,
என்னுடையதைவிடக் கோடி கோடி மடங்கு நல்ல குழாய்,
அவர்களுக்குத் தனுஷ்கோடி இன்னும் இடியவில்லை.
ஸ்டேஷனில் கருவாட்டு மூட்டை,
கப்பலுக்கு வரிசை,
தபால் ஆபீசில் முத்திரை குத்தும் சத்தம்.
சத்தம் போகாது, இடையில் காற்றில்லை.
முத்திரை குத்தும் கை மட்டும்.
இன்னும் நாலைந்து வருஷத்தில்
அந்த டிசம்பர் அலை அங்கே போய்ச் சேரும்.
பதறி அவர்கள் ஒரு விளக்கை ஆட்டினால்
அது நமக்கு வர இன்னொரு அறுபத்தைந்து.

அண்ணன் களஞ்சியத்தின் படகு விளக்கைக்
கடைசியாகப் பார்த்ததும் இந்தக் குழாயில்தான்.
ஐப்பசி. வாடைக்கு முந்திய இருட்டு.
ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்.
வெளிச்சம் தாமதிக்கவே இல்லை,
லட்சத்தில் மூன்று பங்கு விநாடி.
விளக்கு அணைந்ததும் அதே வேகத்தில் வந்து சேர்ந்தது.
நான்தான், பேட்டரி போயிருக்கும் என்று
மூடியை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

தகவல் வர நாலு நாள்.
பேசாலைக் கரையில் ஒரு பலகை ஒதுங்கப் பதினெட்டு நாள்.
செத்துவிட்டான் என்று
தாசில்தார் ஆபீஸ் நம்ப ஏழு வருஷம்,
அதற்கு மேல் ஒரு மாதம் பைலுக்குள்.

சான்றிதழ் வந்த ராத்திரி
கிழக்கே சிரியஸ் எழும்பிக்கொண்டிருந்தது.
எட்டரை வருஷ வழி.
விரல் விட்டுக் கழித்தேன், பிறகு போனிலும்.
அங்கே அவன் இன்னும் என்னிடம்
பதினோராயிரம் கடன் கேட்கவில்லை.
அந்த எஞ்சினை வாங்கவில்லை.
ஜெட்டியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்,
இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு.
கேட்டால் கொடுத்துவிடாதே என்று
அங்கே இருக்கிற என்னிடம் யார் சொல்வது?

ஒரிஜினல் அண்ணி வீட்டு டிரங்குப் பெட்டியில்.
என்னிடம் ஜெராக்ஸ்.
முக்காலியின் ஒரு கால் ரொம்ப நாளாக ஆட்டம்.
தாளை நாலாக மடித்து
கால் மாட்டும் துளையில் திணித்தேன்.
நின்றது.
நட்சத்திரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.
அது குழாயின் குற்றமில்லை,
நம் பக்கத்துக் காற்று.